எண்ணிக்கை சொல்லாதது
விக்கிரமசிங்கபுரத்து நண்பர் ஒருவர் காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். வெள்ளையணு எண்ணிக்கை கூடியிருந்தது. எல்லோருடைய கண்ணும் அந்த எண்ணுக்குத்தான் போகிறது. என் மனமோ அந்தத் தாளில் இல்லாத ஒன்றில் நின்றது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் எண்ணிக்கை கூடும். அணுக்கள் விழித்துக்கொண்டனவா என்பதல்லவா கேள்வி? சும்மா இருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவின் மேல் சிடி64 என்ற ஏற்பி மிகக் குறைவு. கிருமி நுழைந்து, பிற அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை, அதாவது சேதி சொல்லும் புரதத்தை, சுரந்தால், அந்தச் சேதி ஜேக் நொதிகள் வழியாக ஸ்டாட்1 புரதத்துக்குப் போகிறது. அது உட்கருவுக்குள் நுழைந்து ஏற்பியின் மரபணுவை முடுக்கிவிடுகிறது. மில் சங்கு ஊதியதும் தெருத்தெருவாக ஆட்கள் ஷிப்டுக்குக் கிளம்புவார்களே, அப்படி, சில மணி நேரத்தில் சிடி64 அணுவின் மேற்பரப்பில் பெருகிவிடும். ஆன்டிபாடி ஒட்டிய கிருமியை இறுகப் பிடிப்பது அதன் வேலை. ரத்தத்தில் கிருமி பரவுகிறதா என்ற சந்தேகம் வரும்போது இதன் அளவு மருத்துவருக்கு நல்ல துப்பு. ஆனால் அளக்க ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். விலை அதிகம், பழகிய கையும் தேவை. தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அம்பாசமுத்திரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் விவசாயக் கூலிக்கும் இந்தச் சோதனை எட்ட வேண்டும்.