காட்டுக் கொழுப்பும் வீட்டுச் சோப்பும்

சந்தாபுரம், அத்திபெலே, ஜிகணி, ஆனேக்கல் என்று இந்த வட்டம் முழுவதும் ஓசூர்ச் சாலையைப் பிடித்து வந்து குடியேறியவர்கள் நாம். தருமபுரிக்காரர், கிருஷ்ணகிரிக்காரர், திருவண்ணாமலைக்காரர், தெற்கே நெல்லைக்காரர் என்று ஒரே தெருவில் நாலு ஊர்ச் சமையல் மணக்கும். அந்த மணங்களுக்கு நடுவே வேறொரு சரக்கும் கைமாறிக்கொண்டிருக்கிறது. மறைவாகப் புழங்குவதால் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் எழுதிவிடுகிறேன். காட்டுப்பன்றிக் கொழுப்பைத்தான் சொல்கிறேன்.

பாட்டிலில் அடைத்துப் "பன்றி நெய்" என்று தருகிறார்கள். சில சமயம் பச்சைக் கொழுப்பாகவே பொட்டலம் கட்டி வரும். வீட்டில் உருக்கிக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்குத் தேய்க்கலாம், குழந்தைக்குச் சளி கட்டினால் மார்பில் தடவலாம், வறுவலுக்கு ஊற்றினால் தனி ருசி, மிச்சத்தைச் சோப்பாகக் காய்ச்சிக்கொள்ளலாம் என்று நான்கு பயன் சொல்லி விற்கிறார்கள். வாங்குபவர் யாரும் கெட்டவர் அல்லர். "கடையில் விற்பதெல்லாம் கலப்படம், இது அசல்" என்ற நம்பிக்கைதான் காரணம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, "பேரனுக்குக் கடைச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை ஐயா, உடம்பெல்லாம் தடிப்பு, அதனால்தான் வாங்கினேன்" என்றார். அவர் கவலை நியாயமானது. அவர் பிடித்த வழி நியாயமானதா என்பதே என் கேள்வி.

முதலில் சட்டம். பலர் நினைப்பது என்னவென்றால், காட்டு விலங்கைச் சுட்டவன்தான் குற்றவாளி, கறி வாங்கியவன் பாதிக் குற்றவாளி, கொழுப்பு வாங்கியவனுக்கு ஒன்றும் இல்லை என்பது. அப்படி இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'இறைச்சி' என்ற சொல்லுக்கே விளக்கம் தருகிறது. இரத்தம், எலும்பு, நரம்பு, முட்டை, கொழுப்பு எல்லாம் அதில் அடக்கம். பச்சையாக இருந்தாலும் சமைத்ததாக இருந்தாலும் ஒன்றே. ஆக, அலமாரியில் இருக்கும் அந்த அரை பாட்டில் நெய்யும் சட்டத்தின் கண்ணில் காட்டு விலங்கின் இறைச்சிதான். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைகளில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில், உடும்பு, கரடி இவையெல்லாம் முதல் அட்டவணை. மயிலெண்ணெய், உடும்பு நெய், கரடி நெய் என்று பேருந்து நிலையத்துப் பக்கம் விற்பது உண்மையிலேயே அசல் சரக்காக இருந்தால், அதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. போலியாக இருந்தால் கொடுத்த காசு போயிற்று. இரண்டில் எது நடந்தாலும் வாங்கியவருக்கு இலாபமில்லை.

இன்னொன்றையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை. இந்தச் சட்டத்தில், பொருள் உங்கள் கையில் இருந்தது என்று நிலைநாட்டப்பட்டுவிட்டால், அது முறையாக வந்தது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ஏற்றிவந்த வண்டியும் பறிமுதலுக்கு உள்ளாகலாம். அத்திபெலே சோதனைச் சாவடியில் "ஊரில் மாமா கொடுத்தனுப்பினார்" என்று சொல்வது பதிலாகாது. வாடகை வீட்டில், ஒப்பந்தக்காரர் தயவில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு வழக்கு என்றால் என்ன? வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும். மொழி தெரியாத காகிதங்களில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். விற்றவன் அப்போது எங்கே இருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கொழுப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். நமக்கு மேற்கே பன்னேருகட்டாக் காடு. 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, இன்று சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. அந்தக் காடு நம் மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. தளி, ஜவளகிரிக் காடுகளோடு சேர்ந்தது. யானைக்குக் கர்நாடகம், தமிழ்நாடு என்ற பேதமில்லை. ராகி முற்றும் பருவத்தில் அது எந்தப் பக்கம் போகும் என்று ஆனேக்கல் விவசாயியைக் கேட்டால் சொல்வார். இப்படிப்பட்ட காட்டோரங்களில் பன்றி பிடிக்க இரண்டு வழி. ஒன்று சுருக்குக் கம்பி. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தையும் மாட்டும், மானும் மாட்டும், மேயப் போன கன்றுக்குட்டியும் மாட்டும். மற்றது அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் போட்டுவிடுவது. பன்றி கடித்தால் வாய் சிதறும். யானை கடித்தால் அதற்கும் அதே கதிதான். உடனே சாகாது, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சினை யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றில் இறங்கி நின்றபடியே இறந்ததை நாடே பார்த்துக் கண்ணீர் விட்டது. அந்த வெடியும் பன்றிக்கு வைத்ததுதான் என்றார்கள். அப்போது அழுதவர்களில் சிலர் வீட்டிலும் இந்தப் பாட்டில் இருக்கிறது என்பது எனக்கு வருத்தம்.

எப்படிச் செத்த பன்றி என்பதும் தெரியாது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் இறந்தன. அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது, உண்மை. ஆனால் காட்டில் கிடந்ததைத் தூக்கிவந்து உருக்கியவர் அது நோயில் செத்ததா, விஷத்தில் செத்ததா என்று பார்த்திருப்பாரா? அதைப் பிள்ளையின் மார்பில் தடவுகிறோம். அப்படித் தடவினால் சளி கரையும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. சூடு பறக்கத் தேய்க்கிற கைக்குத்தான் அந்தப் பெருமை போக வேண்டும்.

விவசாயிகள் பக்கமும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஒரே இரவில் கிழங்குத் தோட்டத்தை உழுது போட்டுவிட்டுப் போகும் பன்றியை யார் பொறுத்துக்கொள்வார்கள்? அதனால்தான் தமிழ்நாட்டு அரசு 2025 சனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து அழிவு செய்யும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று ஆணையிட்டது. வனத்துறையினர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆணையைக் காட்டி, "இப்போது பன்றி சுடலாமாமே" என்று கொழுப்பு விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, "இது நம் பாரம்பரியம்" என்ற பேச்சு. கொழுப்பு உருக்குவது நம் வீடுகளில் இருந்தது, சரி. சோப்பு? நம் பாட்டிமார் எந்தக் காலத்தில் கொழுப்பில் சோப்புக் காய்ச்சினார்கள்? தலைக்குச் சீயக்காய், அரப்பு, உடம்புக்குப் பாசிப்பயற்று மாவு, துணிக்கு உவர்மண். இதுதான் நம் பாரம்பரியம். கட்டிச் சோப்பு வெள்ளைக்காரனோடு வந்த சரக்கு. காட்டுப்பன்றிச் சோப்பைப் பாட்டியின் பெயரில் விற்பவர் நம் பாட்டியைப் பார்த்ததே இல்லை.

உண்மையான பாரம்பரியம் உடையவர்களே மாறிவிட்டார்கள் என்பதைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பன்னேருகட்டாப் பக்கத்திலேயே ஹக்கிப்பிக்கி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. கன்னடத்தில் அந்தப் பெயருக்கே பறவை பிடிப்பவர் என்று பொருள். நம் ஊர் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலிதான் அவர்கள் மொழியும். 1972-க்குப் பிறகு வேட்டை போயிற்று. அவர்களில் பலர் மூலிகை எண்ணெய், மணிமாலை விற்று உலகம் சுற்றுகிறார்கள். 2023-இல் சூடானில் சண்டை மூண்டபோது அங்கே சிக்கிய இந்தியர்களில் ஹக்கிப்பிக்கிகளும் இருந்தார்கள் என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? வேட்டையே தொழிலாக இருந்தவர்கள் அதை விட்டுவிட்டுக் கடல் கடந்து பிழைக்கும்போது, மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு என்ன குறை?

சரி, கொழுப்பு வேண்டும் என்பவர் என்ன செய்வது? நம் தெருக் கறிக்கடையில் கேளுங்கள். குண்டிக்காயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு கொழுப்பு இருக்கும். கறி வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குவதுதான். வாடிக்கையாளர் என்றால் சொற்ப விலைக்கே தருவார்கள். அதுதான் முதல் தரம். சவ்வுக் கொழுப்பும் ஆகும், ஆனால் வாடை கூடுதல்.

இரத்தமும் கறித் துணுக்கும் இல்லாமல் நறுக்கி நீக்குங்கள். வாடைக்கும் கெடுவதற்கும் காரணம் அவைதான். சுண்டைக்காய் அளவுக்குப் பொடியாக அரிந்து, கிலோவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் எதற்கு என்றால், கொழுப்பு இளகி வரும் வரை அடி தீயாமல் இருக்க. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நெய் பழுப்பேறி நாறும். முதலில் சளசளவென்று சத்தம் வரும், அது தண்ணீர். தண்ணீர் வற்றியதும் சத்தம் அடங்கும், சக்கை பொன்னிறமாகும். அப்போதே இறக்கி மெல்லிய துணியில் வடித்துவிடுங்கள். நல்ல கொழுப்பு கிலோவுக்கு முக்கால் கிலோ நெய் தரும். ஆறினால் வெள்ளைக் கட்டி. ஈரமில்லாத பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். சக்கையில் உப்பும் மிளகும் தூவிக் களியோடு தின்றால் எப்படி இருக்கும் என்பதைத் தருமபுரிக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் வேண்டாம். இந்த நெய்யில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு; இதய நோய் உள்ள வீட்டில் தொடாமலிருப்பதே நல்லது.

சோப்புக்கு இதை இன்னொரு முறை சுத்தம் செய்ய வேண்டும். உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் கொழுப்பு மேலே வட்டத் தட்டாக உறையும். எடுத்து அடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டிவிட்டால் வாடை வெகுவாகக் குறையும். பிறகு எல்லாம் கணக்குத்தான். ஒரு கிலோ ஆட்டு நெய்க்கு 130 கிராம் காஸ்டிக் சோடா, 330 கிராம் தண்ணீர். கண்ணளவு உதவாது; தராசு வேண்டும். சோடா கூடினால் சோப்பு தோலைத் தின்னும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்துவிடும், எவர்சில்வர் எடுங்கள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கலவையும் கொழுப்பும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் (கையை விட்டுப் பார்க்காதீர்கள், பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் போதும்) இரண்டையும் சேர்த்துக் கூழ்ப் பதம் வரும் வரை கிண்டி அச்சில் ஊற்றலாம். மறுநாள் துண்டு போட்டு, காற்றோட்டமாக ஆறு வாரம் வைத்த பிறகே தேய்க்க வேண்டும். நாலாம் நாளே குளித்துவிட்டுத் தோல் எரிகிறது என்றால் அது சோப்பின் குற்றமல்ல.

சைவ அன்பர்கள் இதுவரை முகம் சுளித்திருப்பீர்கள். 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு என்று எழுந்த அமளியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீங்கள் தேங்காயெண்ணெயில் செய்யலாம். அதற்குச் சோடா அதிகம், கிலோவுக்கு 174 கிராம். நுரை அதில்தான் நன்றாக வரும். ஆட்டு நெய்யில் கட்டி நன்றாக இறுகும், நுரை மட்டு. இரண்டையும் கலப்பவர்கள் சோடாவைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முன்னே சொன்ன அம்மாவுக்கு இரண்டு விஷயம் சொன்னேன். பேரனின் தடிப்புக்கு முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். குழந்தைத் தோலுக்கு வீட்டுச் சோப்பும் காரமாக இருக்கலாம், பாசிப்பயற்று மாவைக்கூடக் கேட்டுக்கொண்டு தேய்ப்பது நல்லது. இரண்டாவது, கொழுப்பு விற்பவர் அடுத்த முறை வந்தால் "வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், ஏன் வேண்டாம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அவர் தலையாட்டினார். செயற்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள்: மகளிர் அணிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தராசும் கையுறையும் நான் கொண்டுவருகிறேன். கொழுப்பை மட்டும் நீங்கள் கறிக்கடையில் சொல்லி வையுங்கள்.