ஏர் ஃப்ரையர் அடுப்புக்கு மாற்றாகாது

"ஏர் ஃப்ரையர் ஒன்று இருந்தால் அன்றாடச் சமையலுக்கு அடுப்பே வேண்டாம், எண்ணெயும் மிச்சம், உடம்புக்கும் நல்லது" என்ற வாதம் அந்தக் கருவியின் இயல்பையே கணக்கில் எடுக்கவில்லை. 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய இக்கருவி அடிப்படையில் விசிறி பூட்டிய சிறிய ஓவன்தான். வேகமாகச் சுழலும் சூடான காற்று உணவின் மேற்பரப்பை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. நம் அன்றாடச் சாப்பாடோ நீரில் வேகும் சோறு, கொதிக்கும் சாம்பார், ஆவியில் வேகும் இட்லி. உலர்த்துவதற்கென்றே அமைந்த கருவி இவற்றுக்கு உதவாது. உளுந்து வடை மாவுகூட எண்ணெயில் விழுந்ததும் சட்டென்று மேலே இறுகுவதுபோல் இதில் இறுகாது. துளைத் தட்டில் வழிந்து ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய் குறைகிறதே என்பார்கள். வாழைக்காய், உருளைக்கிழங்கு, மீன் வறுவலில் அது உண்மை. அடிக்கடி பொரித்துச் சாப்பிடுபவருக்கு நல்ல பயன். ஆனால் கூட்டுக்கும் பொரியலுக்கும் ஒன்றிரண்டு தேக்கரண்டியில் தாளிக்கும் வீட்டில் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? உருளைக்கிழங்கு 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலர்ந்து சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற கெடுதலான வேதிப்பொருள் உருவாவதையும் எண்ணெயைக் குறைப்பது மட்டும் தடுத்துவிடாது. நேரம் மிச்சம் என்ற பதிலும் நான்கு பேர் வீட்டில் நிற்காது. ஒற்றை அடுக்காகப் பரப்பினால்தான் காற்று சீராகச் சுற்றும். சிறிய கூடையில் இரண்டு மூன்று ஈடு வைத்தெடுக்க வேண்டும். வறுவலுக்காக வாங்குங்கள், தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதை நம்பி அடுப்பை மட்டும் அப்புறப்படுத்தாதீர்கள்.