மலையை வென்றது யாரு சாமி?

போன டிசம்பர் கடைசியில் நாங்க அஞ்சு பேர் கேதார்காந்தா போய் வந்தோம். டேராடூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் சாங்க்ரி கிராமம். அங்கிருந்து நடராஜா சர்வீஸ்தான். உச்சி 12,500 அடி. திரும்பி வந்ததிலிருந்து வகுப்பில் ஒரே கேள்வி, "போட்டோ எங்கடா?" போட்டோ இருக்கு. எரிச்சலே அதைப் பற்றித்தான்.

நம்மாளு ஒருத்தன் உச்சிப் படத்துக்குக் கீழே "தனி ஒருவனாய் மலையை வென்றேன்" என்று எழுதியிருக்கிறான். அடப்பாவி! உன் பையை ஜூடா கா தாலாப் ஏரி தாண்டி முகாம் வரைக்கும் சுமந்தது யார்? சூரிய உதயம் பார்க்கணும்னு ராத்திரி மூணு மணிக்குக் கிளம்பினோமே, முன்னால் போய் முழங்கால் பனியில் பூட்ஸால் உதைத்து உதைத்துப் படி போட்டது யார்? நாமெல்லாம் அந்தக் குழியில் கால் வைத்து ஏறின ஆளுங்க. அவன் சாங்க்ரிப் பையன், நம்ம வயசுதான்.

நானும் யோக்கியன் இல்லை. என் டிரைபாடும் ரெண்டு லென்ஸும் அவன் முதுகில்தான் ஏறின. கேமராவை அதன் போக்கில் விட்டால் பனியைச் சாம்பலாக்கிவிடும், ஒன்றரை ஸ்டாப் கூட்டணும் என்றெல்லாம் படித்து வைத்திருந்த அறிவாளி நான். ஆனால் குளிரில் பேட்டரி செத்தபோது, அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கு என்று சொன்னது அவன். ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச் எல்லாம் ஜம்மென்று வந்திருக்கு. மொத்தம் 412 படம். அவன் இருப்பது ரெண்டில். அதிலும் ஒன்றில் கை மட்டும்தான்.

எவரெஸ்ட் உச்சியில் 1953 மே 29 அன்று எடுத்த அந்தப் பிரபலமான படத்தில் பனிக்கோடரியைத் தூக்கிப் பிடித்து நிற்பவர் டென்சிங். எடுத்தவர் ஹிலாரி. ஹிலாரி உச்சியில் நிற்கிற படமே கிடையாது. அவங்க சாமானைச் சுமக்கவே 350 பேருக்கு மேல் போனார்கள். எவரெஸ்ட்டுக்கே அந்தக் கதை. இங்கே 12,500 அடிக்கு நம்மாளு தனி ஒருவனாம்!

கேட்டால் "அதான் காசு கொடுத்தோம்ல" என்கிறான். கொடுத்தோம், பையைத் தூக்க. படத்திலிருந்து ஆளையே தூக்க இல்லை.

அந்த ரெண்டு படத்தையும் பிரிண்ட் போட்டு சாங்க்ரிக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். உச்சியில் நான் கையை விரித்து நிற்கிற படம் நல்லாயிருக்குன்னு நாலு பேர் சொன்னீங்க. ரொம்ப நன்றி. அதை எடுத்ததும் அவன்தான்.