கடவுச்சொல்லும் காவற்பொறுப்பும்

வீட்டுக்குக் கதவு எவ்வளவு இன்றியமையாததோ, கதவுக்குப் பூட்டும் அவ்வளவு இன்றியமையாதது. ஆனால் ஒரு தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் எளிதில் திறக்கும் பூட்டையே மாட்டிவிட்டு, களவு போன பின் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீர் ஏன் விழிப்பாக இருக்கவில்லை?" என்று கேட்பது முறையாகுமா? இணைய உலகில் இன்று பெரும்பாலும் இதுதான் நடக்கிறது என்பது என் கருத்து. கணினி அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கல்லூரியில் சேர விண்ணப்பிப்பதும், தேர்வுக் கட்டணம் செலுத்துவதும், உதவித்தொகை கோருவதும், மதிப்பெண் பார்ப்பதும் இன்று இணையதளங்களின் வழியே நடைபெறுகின்றன. நம் முகவரி, புகைப்படம், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஏதோ ஒரு சர்வரில் இருக்கின்றன. அவற்றுக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்கும் ஒரே காவலாளி லாகின் பக்கம். "நீ யார்?" என்று அது கேட்கிறது. நாம் தரும் விடையைச் சரிபார்த்து உள்ளே விடுகிறது. அந்தச் சரிபார்ப்பில் ஓட்டை இருந்தால் மற்றக் காவல்கள் எத்தனை இருந்தும் பயனில்லை.

இதுபற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரை எப்போதும் ஒன்றே: "கடினமான கடவுச்சொல் வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்." அறிவுரை முழுவதும் பயன்படுத்துவோருக்கே. தளத்தை அமைப்பவருக்கு ஒரு சொல்லும் இல்லை. வரலாறோ வேறு பாடத்தைக் கற்பிக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகப் பேராசிரியர் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல் ஓர் அமைப்பை உருவாக்கிக் காட்டியது. கணினியில் கடவுச்சொல் கண்ட தொடக்க கால அமைப்புகளுள் அது ஒன்று. 1962இல் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கேட்டார். கணினி அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும்படி கோப்பு வைக்கப்பட்டிருந்தது; அவ்வளவுதான்.

1979இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் ஆகிய இருவரும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 2,831, அதாவது நூற்றுக்கு 86, எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவை. மக்களைக் கடிந்துகொள்வதோடு அவர்கள் நிற்கவில்லை. அமைப்பையே திருத்த வழி கூறினர். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் வெவ்வேறு எண்ணைச் சேர்த்து, திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றி வைக்க வேண்டும். சேர்க்கும் அந்த எண்ணுக்கு 'உப்பு' என்று பெயர். மேலும், அந்த உருமாற்றம் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும். அப்போதுதான் ஊகித்துப் பார்ப்பவன் களைத்துப் போவான்.

நோய்க்கு மருந்து 1979இலேயே கிடைத்துவிட்டது. உண்டவர் எத்தனை பேர்? 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவை உருமாற்றப்படாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 2012இல் லிங்க்ட்இன் கடவுச்சொற்கள் வெளியானபோது, அவை உருமாற்றப்பட்டிருந்தும் உப்புச் சேர்க்கப்படவில்லை என்று தெரிந்தது. ராக்யூ பட்டியலில் அதிகம் பேர் வைத்திருந்த கடவுச்சொல் '123456' என்று அறிந்து உலகம் சிரித்தது. நான் கேட்பது இது: அதே தளத்தில் இருபது எழுத்தில் அருமையான கடவுச்சொல் வைத்திருந்தவருக்கு நேர்ந்தது என்ன? அவருடையதும் அதே பட்டியலில்தான் போயிற்று. பயனாளரின் விழிப்பு, அமைப்பாளரின் அலட்சியத்துக்கு ஈடாகாது.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கியது. மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் திணறின. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த்தின் தலைவர் ஆண்ட்ரூ விட்டி அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையைக் கூறினார். திருடப்பட்ட ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு, இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத ஒரு நுழைவாயில் வழியே திருடர்கள் புகுந்தனர். வெளியிலிருந்து நுழையும் வாயில்களுக்கெல்லாம் இரண்டாம் சரிபார்ப்பு வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. விதி ஏட்டில் இருந்தது, வாயிலில் இல்லை. பிணைத்தொகையாகக் கொடுத்தது மட்டும் 2 கோடியே 20 லட்சம் டாலர்.

இனி நம் பக்கம் வருவோம். மாணவர்களுக்கான தளங்கள் பலவற்றில் பதிவு எண்ணே பயனர் பெயர். பிறந்த தேதியே கடவுச்சொல். பதிவு எண்கள் வரிசையாக வருபவை. ஒரு வகுப்பில் படிப்போர் ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள். மூன்றாண்டுக்கு 1,095 நாட்கள். நொடிக்கு ஒரு தேதியாக முயன்றாலும் பதினெட்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்! தவறான முயற்சிகளுக்கு வரம்பு இல்லாத தளத்தில் அது பூட்டே அன்று, பூட்டின் படம். போதாக்குறைக்கு, பிறந்த தேதி இரகசியமும் அன்று. அது நம் அடையாள அட்டையில் இருக்கிறது; நண்பர்களின் பிறந்தநாள் வாழ்த்துகளில் இருக்கிறது. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒருவர் நுழைந்தது, பிறந்த தேதி போன்ற ஊரறிந்த செய்திகளைக் கொண்டு கடவுச்சொல்லை மாற்றித்தான்.

"கிராமத்து மாணவர்கள் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள், பலருக்குச் சொந்தத் தொலைபேசிகூட இல்லை, பிறந்த தேதிதான் அவர்களுக்கு எளிது" என்பர் சிலர். இந்த வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. நம்மில் பலர் பிரவுசிங் சென்டரில்தான் விண்ணப்பிக்கிறோம். கடவுச்சொல்லை அங்கிருப்பவரே போடுகிறார்; சில வேளைகளில் தொலைபேசி எண்ணும் அவருடையதே. ஆனால் எளிமை வேறு, ஏமாளித்தனம் வேறு. முதல் முறை மட்டும் பிறந்த தேதியை ஏற்றுக்கொண்டு, உடனே வேறு கடவுச்சொல் வைக்கச் செய்யலாம். மறந்தவருக்குக் கல்லூரி அலுவலகத்திலேயே ஆளைப் பார்த்துப் புதிதாக வழங்கலாம். தவறான முயற்சிகள் பெருகினால் காத்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கணக்கை ஒரேயடியாக முடக்குவது நன்றன்று. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அடுத்தவர் கணக்கை முடக்க ஒருவன் அதையே கருவியாக்கிக்கொள்வான். இவற்றுக்கெல்லாம் பெரும் பொருட்செலவு இல்லை, வேண்டுவது அக்கறை.

ஒரு தளத்தின் காவலை மதிப்பிட நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நிறுவும்போது வந்த கடவுச்சொல் இன்னும் மாற்றப்படாமல் இருக்கிறதா? தவறான முயற்சிகளுக்குத் தடை உண்டா? 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்றால் பழைய கடவுச்சொல்லையே அனுப்புகிறதா? அனுப்பினால், அது மீட்கத்தக்க வடிவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வெளியேறிய பின் அதே பக்கத்தைப் புதுப்பித்தால் மீண்டும் உள்ளே விடுகிறதா? பொதுக் கணினியில் அது பேராபத்து. நிர்வாகிகளின் கணக்குகளுக்கேனும் இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயமா? ஐந்து கேள்விகளும் அமைப்பாளரை நோக்கியவை என்பதைக் கவனியுங்கள். அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றும்படி பயனாளரை வற்புறுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே கூறிவிட்டது.

ஆர்வமிக்க நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இச்சோதனைகளை நாம் உருவாக்கிய தளங்களிலோ, உரியவரின் எழுத்து வழி அனுமதியுடனோ மட்டுமே செய்ய வேண்டும். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றம். தற்செயலாகக் குறை கண்டால் உரியவருக்கோ, செர்ட்-இன் என்னும் மைய அரசின் அமைப்புக்கோ தெரிவிக்கலாம். தகவலை வைத்திருப்போர்க்கும் சட்டம் பொறுப்பை வகுத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய காவல் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை இத்தகைய தளங்களை அமைக்கப் போகிறவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த ஒரு மாணவியின் உதவித்தொகையும் முகவரியும் அன்று நம் கையில் இருக்கும். ஒரு வரி அமைப்பை விடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்து எழுதுவோம். "கவனமாயிரு" என்று பிறருக்குச் சொல்லுமுன், நம் பூட்டை நாமே ஒரு முறை இழுத்துப் பார்ப்போம்.