அளக்க வேண்டியது வீட்டையா, குப்பையையா?

பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் வீட்டுக் குப்பையை அகற்றும் கட்டணம் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுகிறது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மாதம் 10 ரூபாய். 4,000 சதுர அடியைத் தாண்டினால் 400 ரூபாய். கட்டணமே கூடாது என்று பலர் வாதிட்டனர். எனது மறுப்பு வேறு. இக்கட்டணம் சுவர்களை அளக்கிறது, குப்பையை அளக்கவில்லை.

சமையற்கழிவை மாடியிலேயே உரமாக்கும் குடும்பமும், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி எறியும் அண்டைவீட்டாரும் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். குறைவாக எறிய எவருக்கும் காரணமில்லை. வணிக நிறுவனங்களுக்கோ நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்பதே கணக்கு. ஆக, எடைவழிக் கட்டணம் நகர நிர்வாகம் அறியாத ஒன்றன்று.

தென்கொரியா 1995 முதல் குப்பையின் அளவுக்கேற்ற கட்டணத்தை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தி வருகிறது. எஞ்சிய குப்பையை, விலை கொடுத்து வாங்கிய அரசுப் பையில்தான் போட வேண்டும். தரம்பிரித்த மறுசுழற்சிப் பொருளுக்குக் கட்டணமில்லை. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உணவுக் கழிவை எடைபோடும் தொட்டிகளும் உண்டு.

இங்கே அதைச் செய்தால் மக்கள் இரவில் தெருமுனையில் கொட்டிவிடுவார்கள் என்பது முதல் ஐயம். நியாயமான ஐயம்தான். எனவே, பிரித்துத் தரும் மக்கும் கழிவையும் உலர்கழிவையும் இலவசமாகப் பெற்று, கலந்து தரும் குப்பைக்கு மட்டும் பைவிலை வைக்கலாம். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பெரிய குடியிருப்பு வளாகங்களில் இதைத் தொடங்கலாம். வறிய குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பைகளை இலவசமாகத் தர வேண்டும். கண்காணிக்கும் சுமையைத் தூய்மைப் பணியாளர் தலையில் ஏற்றக் கூடாது. அவர்கள் சுமப்பது ஏற்கெனவே மிகுதி.

மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆலைக்குப் பொருந்தும் அறம் அடுக்களைக்கும் பொருந்தாதா?

குப்பை என்னும் சொல்லுக்குக் குவியல் என்ற பொருளும் உண்டு. நம் வாசலில் அது குவிவதில்லை. அதனால் அதன் அளவு நமக்குத் தெரிவதில்லை. பெங்களூரின் கழிவு மண்டூரில் மலையாகக் குவிந்தது. அவ்வூர் மக்கள் சாலையில் இறங்கிப் போராடிய பின்னரே லாரிகள் நின்றன. பிறகு அவை வேறு ஊர்களை நோக்கித் திரும்பின. நாம் குறைவாக எறியாதவரை, அடுத்த மண்டூர் எது என்பது மட்டுமே மாறிக்கொண்டிருக்கும்.