14ஆம் வாரத்துக்கும் 9ஆம் மாதத்துக்கும் நடுவே

விழிதியூர் போன்ற சிற்றூரில் பிறந்த குழந்தையானாலும் சென்னையில் பிறந்த குழந்தையானாலும், அரசு அட்டவணைப்படி 14ஆம் வாரத்து ஊசிக்குப் பிறகு அடுத்த ஊசி 9ஆம் மாதத்தில்தான். இடையில் உள்ள ஏறக்குறைய ஆறு மாதத்தில்தான் குழந்தை குப்புற விழுகிறது, எட்டிப் பிடிக்கிறது, உட்காருகிறது, தவழ்கிறது. 5ஆம் மாதத்தில் செங்கீரைப் பருவத்தையும் 9ஆம் மாதத்தில் சப்பாணிப் பருவத்தையும் வைத்த பிள்ளைத்தமிழ் மரபு இந்தக் காலத்தை நம்மைவிடக் கூர்ந்து பார்த்திருக்கிறது. இதைத் தசை வலுப்பெறும் காலம் என்று மட்டும் நாம் எண்ணிவிடுகிறோம். குழந்தை தானாகத் தொடங்கும் அசைவே அதன் சிந்தனைக்கு அடித்தளம் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

ஆய்வாளர்கள் ஹெல்டும் ஹைனும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாகப் பிணைத்தார்கள். ஒன்று நடந்தது, மற்றது தொட்டியில் அமர்ந்தபடி அதன் பின்னே சுழன்றது. இரண்டின் கண்ணிலும் பட்டது ஒரே காட்சி. ஆனாலும் சுமக்கப்பட்ட குட்டிக்குப் பள்ளத்தின் ஆழம் பிடிபடவில்லை. பூனைக்குப் பொருந்துவது மனிதக் குழந்தைக்கும் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. மனிதக் குழந்தைகளிடமும் இதையொத்த சான்று உண்டு. ஏமி நீடமும் சக ஆய்வாளர்களும் 2002இல் மூன்று மாதக் குழந்தைகளுக்குப் பொருள்கள் ஒட்டிக்கொள்ளும் கையுறைகளை மாட்டி விளையாடவிட்டார்கள். தாமாகப் பிடிக்கத் தெரியாத வயதில் பொருளைக் கைக்கொண்ட அந்தக் குழந்தைகள், பிறகு கையுறை இல்லாதபோதும் மற்றவர்களைவிட ஆர்வமாகப் பொருள்களை ஆராய்ந்தார்கள்.

இங்கேதான் வாக்கர் வருகிறது. நம் மர நடைவண்டி, குழந்தை தானே எழுந்து நின்று தள்ளினால்தான் நகரும். சக்கர வாக்கரோ காலூன்றத் தெரியாத குழந்தையை இருக்கையில் தாங்குகிறது; முன்தட்டு அதன் பாதத்தை அதன் கண்ணிலிருந்து மறைக்கிறது. சீகலும் பர்ட்டனும் 1999இல் 109 குழந்தைகளை ஆராய்ந்தபோது, வாக்கரில் வளர்ந்தவர்கள் உட்காரவும் தவழவும் நடக்கவும் தாமதித்தார்கள்; அறிவுத்திறன் மதிப்பெண்ணிலும் பின்தங்கினார்கள். குடும்பங்கள் தாமே தேர்ந்துகொண்ட பழக்கத்தை ஒப்பிட்ட ஆய்வு அது. காரணத்தை உறுதியாக நிறுவாது. தஜிகிஸ்தானில் பல மணிநேரம் தொட்டிலில் கட்டிவைக்கப்படும் குழந்தைகள் தாமதமாக நடந்தாலும் பின்னர் ஈடுகட்டிவிடுகிறார்கள். தவழாமலே நடக்கும் குழந்தைகளும் உண்டு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே தவழவில்லை என்று தாயைப் பயமுறுத்துவது தவறு. தூளியையும் குறைசொல்ல வேண்டாம். ஆனால் நலமான குழந்தை ஈடுகட்டிவிடும் என்பது, குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கும் அதே தாங்குதிறன் உண்டு என்பதற்குச் சான்றாகாது. விழுந்து அடிபடும் ஆபத்துக்காகவே கனடா 2004இல் வாக்கரைத் தடைசெய்தது. நாமும் வாக்கரைப் பரிந்துரைக்கக் கூடாது.

தடுப்பூசி போடும் நம் கையில் செலவில்லாத பணி ஒன்று இருக்கிறது. 14ஆம் வாரத்து ஊசி போட்டதும், விழித்திருக்கும்போது பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தாயிடம் கேளுங்கள். ஒரு வயதுக்குள், இன்னும் நகரத் தொடங்காத குழந்தைக்கு நாளுக்கு 30 நிமிடமாவது குப்புறக் கிடக்கும் நேரம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை. பாய் விரித்து, பக்கத்தில் ஆள் இருந்து, பிள்ளையைத் தரையில் விடச் சொல்லுங்கள். சொன்னதைத் தடுப்பூசி அட்டையிலும் குறித்துவையுங்கள்.