லட்சத்துக்கு 95: யார் சொன்னது?

உறுதியான ஒரு தலைவர் அமைந்தால் குழு தானாகத் திரண்டுவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்குக் கைதட்டலும் கிடைக்கும், முதலாளிகள் முன்வரிசையில் இருந்தால்.

இந்த வாதம் சரிதானா என்று அறிய, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல்லாண்டுகளாகப் பணியாற்றும் கணியம்பாடி ஒன்றியத்தைப் பாருங்கள். ஊரில் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எதுவானாலும் முதலில் தகவல் தருபவர் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர். அதைச் சுகாதார உதவியாளர் சரிபார்ப்பார், அடுத்து செவிலியர், அதன் பிறகே மருத்துவர்.

இந்த ஏற்பாடு எதை வெளிக்கொண்டு வந்தது தெரியுமா? 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளுக்கு, வீட்டாரிடம் விசாரித்துக் காரணம் கண்டார்கள். தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 95! அரசின் தேசியக் கணக்கைப்போல ஒன்பது மடங்கு. 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது. நாட்டின் கணக்கே குறைவாகப் பதிவாகிறது என்ற சந்தேகத்தை அது வலுவாக்கியது. ஊரே மறைக்க நினைக்கும் சாவு, மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தெருவில் வசிப்பவருக்குத்தான் தெரியும். மருத்துவர்கள் செய்த தலைமைக் காரியம், அந்தச் சேதி மேலே வரும் வழியை அடைக்காமல் வைத்திருந்ததுதான்.

அவர்கள் கொண்டாடும் உறுதியான தலைவரிடம் அந்த எண்ணை எந்த ஊழியர் துணிந்து சொல்லியிருப்பார்?